கோட்டு சூட்டு போட்டு ஒரு மறியல்: வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா பயணக் குறிப்புகள்

புதன்

தம்பி வீடு சில்வர் ஸ்பிரிங்கில். மெட்ரோவில் ரெட் லைன் பிடித்தால் ஃபாராகட் நார்த் வரை மாறாமல் போகலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் லஃபாயெட் சதுக்கம், அதன் எதிரே வெள்ளை மாளிகை.

"செர்ரிப் பூவெல்லாம் கொட்டின பிறகு வந்திருக்கியே அக்கா" என்று அவனுக்கு வருத்தம். நான் பூப் பார்க்க வரவில்லை என்பது அவனுக்கும் தெரியும். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நான் பார்ப்பதெல்லாம் சர்வீஸ் மேட்டர்தான். பணிநீக்கம், சஸ்பென்ஷன், நிறுத்திவைத்த பென்ஷன், இவைதான் என் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். தனியார் நிறுவனத்தில் வேலை. இன்னொரு பையனோடு சேர்ந்து வாழ்கிறான் என்று அலுவலகத்தில் தெரிந்த வாரமே, தகுதிகாண் காலத்திலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை. தகுதிகாண் காலத்தில் எழுத வேண்டிய கட்டாயமும் பெரிதாக இல்லை. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2018இல் உச்ச நீதிமன்றம் சுருக்கி, வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் குற்றமில்லை என்பதற்கும் வேலை போகாது என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை வேறு எவரெல்லாம் எப்படித் தாண்டினார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படிப்பு என்னை, தன்பாலீர்ப்பாளர் என்று அமெரிக்க அரசு வேலையை இழந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிராங்க் கேமெனி என்கிற வானியல் விஞ்ஞானியிடம் கொண்டுவந்து விட்டது. அவர் நடந்த இடங்களைத்தான் இந்த வாரம் சுற்றப் போகிறேன்.

வெள்ளை மாளிகை வேலிக்கு முன் கூட்டம் வழக்கம்போல. செல்ஃபி எடுப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், தலையில் தொப்பியோடு ஏதோ கோஷம் போடும் ஒரு தனி மனிதர். 1965 ஏப்ரல் 17 மாலை இந்த நடைபாதையில் பத்துப் பேர் வட்டமாக நடந்தார்கள். ஏழு ஆண்கள், மூன்று பெண்கள். ஆண்கள் கோட்டு, டை. பெண்கள் கவுன், குதிகால் செருப்பு. கையில் அட்டை. தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு முன்னால் வெளிப்படையாக நின்ற முதல் போராட்டம் அது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அதே நாள் வியட்நாம் போருக்கு எதிரான மாணவர் பேரணி வேறு, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்திருந்தார்கள். இந்தப் பத்துப் பேரை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

உடனடிக் காரணம் கியூபா. அங்கே தன்பாலீர்ப்பாளர்களை முகாம்களில் அடைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஜாக் நிக்கோல்ஸ் என்ற இளைஞர் தெருவில் இறங்கலாம் என்றார். கேமெனிக்கு முதலில் தயக்கம், பிறகு சரி என்றார். ஒரு அட்டையில் எழுதியிருந்ததன் சாரம் இது: கியூபா அரசு இவர்களைத் துன்புறுத்துகிறது, அமெரிக்க அரசு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மொத்தம் ஒரு மணி நேரம் நடந்தார்கள். கைது இல்லை, கல்லடி இல்லை.

நிக்கோல்ஸின் அப்பா எஃப்பிஐ அதிகாரி. அதனால் மகன் இயக்கத்தில் வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தார். நடந்த பெண்களில் லில்லி வின்சென்ஸ் என்பவரை, தன்பாலீர்ப்பு தெரிந்ததும் ராணுவத்தின் மகளிர் பிரிவு 1963இல் வெளியேற்றியிருந்தது.

சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தம்பி பெண்டாட்டி கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டேன். இந்தச் சதுக்கத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது, அதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

வியாழன்

காங்கிரஸ் நூலகம். மேடிசன் கட்டடத்தில் கையெழுத்துப் பிரதிகள் வாசிப்பறை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் வாசகர் அட்டை இலவசமாகத் தருகிறார்கள், வெளிநாட்டுக்காரர் என்று முகம் சுளிக்கவில்லை. பை, கோட்டு எல்லாம் லாக்கரில். பேனா கூடாது, பென்சில்தான். கேமெனி தன் வீட்டில் சேர்த்து வைத்திருந்த காகிதங்கள் 2006இல் இங்கே வந்து சேர்ந்தன.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை போட்டவர். 1956இல் ஹார்வர்டில் வானியலில் முனைவர் பட்டம். 1957 ஜூலையில் ராணுவ வரைபடத் துறையில் வேலை. நம் ஊரில் சொல்வார்களே, அரைக் காசு என்றாலும் அரசாங்கக் காசு என்று. அந்த நம்பிக்கைதான் அங்கேயும். அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை மேலே ஏவியது. அமெரிக்கா முழுக்க, நமக்கு விஞ்ஞானிகள் பற்றவில்லை என்று ஒரே கூச்சல். அந்தச் சமயம் பார்த்து ஹவாயில் வேலையில் இருந்த இந்த விஞ்ஞானியைத் தலைநகருக்கு வரச் சொல்லி விசாரித்தார்கள். நீ தன்பாலீர்ப்பாளன் என்று தகவல் வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய்? அது என் சொந்த விஷயம், வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். வருடம் முடிவதற்குள் வேலை போனது. 1958 ஜனவரியில் எந்த மத்திய அரசு வேலைக்கும் வர முடியாது என்று தடை. வானியலில் அன்று பெரும்பாலான வேலை அரசுப் பணத்தில், பாதுகாப்பு அனுமதியோடு (அரசு ரகசியங்களைக் கையாளத் தரும் அனுமதி) நடந்தது. ஆக ஒரு வேலையோடு அவருடைய தொழிலே போய்விட்டது. தொலைநோக்கி பக்கம் அவர் திரும்பவே முடியவில்லை. 1959இல் பல மாதம் ஒரு நாளைக்கு 20 சென்ட் சாப்பாட்டுச் செலவில் ஓட்டியதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

எந்தச் சட்டத்தில்? 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசனோவர் போட்ட 10450 என்ற நிர்வாக ஆணை. அரசு ஊழியரின் பாதுகாப்புத் தகுதியைப் பார்க்கும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. குற்றச் செயல், நேர்மையின்மை, ஒழுக்கக்கேடு, ஓயாத குடி, போதைப் பழக்கம். அந்த வரிசையில் பாலியல் வக்கிரம் என்றும் ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1950 பிப்ரவரியில், வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் செனட் குழு முன்பு 91 தன்பாலீர்ப்பாளர்களை வெளியேற்றிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். கம்யூனிஸ்ட் பயத்தோடு சேர்ந்து இந்தப் பயமும் பரவியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. நிறையப் பேர் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள்.

அரசு சொன்ன நியாயம்: இவர்கள் ரகசியத்தோடு வாழ்கிறார்கள், எதிரி மிரட்டினால் நாட்டு ரகசியத்தைக் கொடுத்துவிடுவார்கள். 1950இல் செனட்டர் ஹோய் தலைமையில் ஒரு குழு இதை விசாரித்தது. அமெரிக்காவில் அப்படி நடந்ததற்கு ஒரு உதாரணம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அறிக்கையில் காட்டியது முதல் உலகப் போருக்கு முந்தின ஆஸ்திரிய உளவு அதிகாரி ரெடல் என்பவரை! கீழ்க் கோர்ட்டில் இப்படி ஒரு சாட்சியைக் கொண்டுபோய் நிறுத்தினால் நீதிபதி நம்மையே உட்காரச் சொல்லிவிடுவார். அதை விடுங்கள். ரகசியம் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால்தான் ஒருவரை மிரட்டவே முடிகிறது. அந்த வேலையைப் பறிப்பவர் யார்? அரசு. மிரட்டுபவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு, உன்னை மிரட்டுவார்கள் என்று வேலையை விட்டு அனுப்புகிறார்கள்.

கேமெனி மேல்முறையீடு செய்தார். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார். வழக்கறிஞர் இனி பயனில்லை என்று விலகிக்கொண்டார். சரி என்று சட்டம் படிக்காத அந்த மனிதர் உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே எழுதி 1961 ஜனவரியில் தாக்கல் செய்தார். மதத்தையும் நிறத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டுவது எவ்வளவு அருவருப்போ இதுவும் அவ்வளவே என்பது அவர் வாதம். அரசின் கொள்கை கண்ணியமான மனிதர்களின் மூக்கில் ஏறும் நாற்றம் என்றும் எழுதினார். நான் ஒரு ரிட் மனுவில் இப்படி எழுதியிருந்தால் என் சீனியர் சிவப்பு மையில் அடித்துத் தூக்கி எறிந்திருப்பார். ஆனாலும் மனு நன்றாகவே இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் உரிமையைக் குடியுரிமையாக முன்வைத்து அந்த நீதிமன்றத்துக்குப் போன முதல் மனு இது. மார்ச்சில், விசாரணைக்கு எடுக்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள்.

தோற்றவர் அதே வருடம் நவம்பரில் நிக்கோல்ஸோடு சேர்ந்து மேட்டஷீன் சொசைட்டி ஆஃப் வாஷிங்டன் என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பைத் தொடங்கினார். அதன் முக்கியமான வேலை கடிதம் எழுதுவது. ஜனாதிபதி, அமைச்சர்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. பதில்களையும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். 1962இல் மிச்சிகன் உறுப்பினர் சேம்பர்லின் எழுதியது, என் ஆறு வருடப் பதவிக் காலத்தில் இவ்வளவு அருவருப்பான கடிதம் வந்ததில்லை என்கிறது. மிசௌரி உறுப்பினர் பால் ஜோன்ஸ் எழுதியது, இந்தக் குப்பையால் என் தபாலை அசிங்கப்படுத்தாதே என்கிறது. இரண்டுமே இந்தச் சேகரிப்பைச் சேர்ந்தவை. என் கட்சிக்காரர்களுக்கு நான் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்வது ஒன்றுதான்: வந்த காகிதம் எதையும் கிழிக்காதீர்கள், கோபம் வந்தாலும் கிழிக்காதீர்கள். இந்த ஆள் சொல்லாமலே செய்திருக்கிறார். அவர் தட்டச்சு செய்து அனுப்பியவற்றின் கார்பன் பிரதிகள் மட்டுமே ஒரு நாளுக்கு மேல் என்னை உட்கார வைத்திருக்கும். வாசிப்பறை மூடும் நேரம் வந்துவிட்டது.

வெள்ளி

இ தெரு, வடமேற்கு, 1900. பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு பெரிய அரசுக் கட்டடம். நம் ஊர்க் கலெக்டரேட் போல ஒரு வேப்பமரமாவது இருந்தால் நன்றாக இருக்கும். பிற்பாடு இது பணியாளர் நிர்வாக அலுவலகம் ஆனது. 1965இல் சிவில் சர்வீஸ் கமிஷன். மத்திய அரசில் யார் வேலைக்குத் தகுதி, யார் இல்லை என்று முடிவு செய்த இடம். ஜூன் 26ஆம் தேதி கேமெனியின் ஆட்கள் இங்கே மறியல் செய்தார்கள். அப்புறம் ஜூலையில் பென்டகன், ஆகஸ்டில் வெளியுறவுத் துறை, அக்டோபரில் மறுபடி வெள்ளை மாளிகை. முகவரிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு முதலாளி. இன்றைக்கு இந்த இயக்கம் என்றால் வானவில் கொடியும் ஊர்வலமும் நினைவுக்கு வருகின்றன. ஆரம்பத்தில் இது பெரும்பாலும் பணி நியமனத் தகராறுதான் என்பதை இந்தக் கட்டட வாசலில் நின்றால் நம்பத் தோன்றுகிறது.

உடை விஷயத்தில் கேமெனி கறார். ஆண்களுக்கு கோட்டு, டை. பெண்களுக்கு ஸ்கர்ட் அல்லது கவுன். அட்டைகளில் எழுத்து நேராக, தெளிவாக இருக்க வேண்டும். வேலை கேட்டு வந்திருக்கிறோம், வேலைக்கு எடுக்கக்கூடியவர்களாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த ஜூன் மாத வெயிலில், வாஷிங்டன் புழுக்கத்தில், கோட்டோடு! கறுப்பு கவுனை மாட்டிக்கொண்டு மே மாதத்தில் மதுரைக் கிளைக்குப் போகிற எனக்கு அது என்னவென்று தெரியும்.

சரி, லஃபாயெட் சதுக்கத்துக் கதை. க்ளிஃபர்ட் நார்ட்டன் நாசாவில் பட்ஜெட் ஆய்வாளர். 1963 அக்டோபரில் ஒரு நாள் விடிவதற்கு முன் அந்தச் சதுக்கத்தருகே காரை நிறுத்தி ஓர் ஆணை ஏற்றிக்கொண்டார். காவல் துறையின் ஒழுக்கப் பிரிவு இதைப் பார்த்துப் பின்தொடர்ந்து பிடித்தது. அதோடு விடாமல் நாசாவின் பாதுகாப்பு அதிகாரிக்கும் தகவல் போனது. அவரும் வந்து விடிய விடிய விசாரித்தார். முடிவில் ஒழுக்கக்கேடு என்று பணிநீக்கம். நார்ட்டனின் வேலையில் ஒரு குறையும் இல்லை. இந்த ஆளைத் தக்கவைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று அவருடைய மேலதிகாரியே கேட்டுப் பார்த்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களை நீக்குவதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கு கொலம்பியா மாவட்ட (அதாவது வாஷிங்டன்) மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1969 ஜூலை 1 அன்று நீதிபதி டேவிட் பாஸலான் தீர்ப்பு எழுதினார். சட்டம் சொல்வது, பணியின் திறனுக்காக ஊழியரை நீக்கலாம் என்று. அப்படியானால் இந்த மனிதரின் தனிப்பட்ட நடத்தைக்கும் நாசாவின் பணித் திறனுக்கும் என்ன தொடர்பு? காட்டுங்கள். வெறுமே ஒழுக்கக்கேடு என்று முத்திரை குத்திவிட்டுப் போக முடியாது. அலுவலகத்துக்கு ஒருவேளை சங்கடம் வரலாம் என்று ஊகிப்பதும் போதாது. நார்ட்டன் ஜெயித்தார். இதே நீதிபதி 1965இல், மேட்டஷீன் சொசைட்டிக்காரரான புரூஸ் ஸ்காட் வழக்கிலும் பாதி தூரம் போயிருந்தார். எந்த நடத்தை என்று சொல்லாமல் ஒழுக்கக்கேடு என்று மட்டும் எழுதி ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்க முடியாது என்றார்.

இரண்டு வழக்கிலும் எதிர்மனுதாரர் கமிஷன் தலைவர் ஜான் மேசி. சர்வீஸ் வழக்கு நடத்துகிற எவருக்கும் நார்ட்டன் தீர்ப்பு தித்திக்கும். தர்மம், பாவம் என்ற பேச்சே எடுக்காமல், கோப்பில் ஆதாரம் எங்கே என்று மட்டும் கேட்கிறது. நீதிபதிக்குத் தன்பாலீர்ப்பு பிடித்ததா இல்லையா என்பதே வழக்குக்கு வேண்டாத விஷயமாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் அதுதான் உருப்படியான வழி. மனசு மாறும்வரை காத்திருந்தால் யாருக்கும் சம்பளம் வராது.

அதற்குப் பிறகும் கமிஷன் இழுத்தடித்தது. நீதிமன்றத் தோல்விகள் சேர்ந்துகொண்டே போனதும் 1975 ஜூலை 3 அன்று, தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காக மட்டும் வேலை மறுப்பதில்லை என்று அறிவித்தது. கேமெனி வேலை இழந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. பாதுகாப்பு அனுமதிக்கு இன்னும் இருபது வருடம் பிடித்தது. அதிலும் பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி கிளிண்டன் ஆணை போட்டது 1995இல்.

இந்த நடுக்காலத்தில் கேமெனி செய்த வேலையைத்தான் நான் மிகவும் ரசித்துப் படித்தேன். சட்டப் பட்டம் இல்லாமலே, பாதுகாப்பு அனுமதி பறிபோகிறவர்களுக்கு விசாரணைகளில் வாதாடினார். இதே இயக்கத்தைச் சேர்ந்த பார்பரா கிட்டிங்ஸும் கூட நின்றார். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பென்னிங் வென்ட்வொர்த்தின் விசாரணை 1969இல் நடந்தது. இவர்கள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, ஆமாம், இவர் தன்பாலீர்ப்பாளர்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு யார் எதைச் சொல்லி மிரட்டுவது? அரசின் வாதத்தை அரசின் மேசையிலேயே வைத்து உடைத்துவிட்டார்கள். வென்ட்வொர்த் காட்டிய துணிச்சல் சாதாரணமானதில்லை, வாதாடுகிறவருக்கு உத்தி, அவருக்கோ சொந்தப் பெயர்.

2009 ஜூன் 29 அன்று பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் தலைவர் ஜான் பெர்ரி, அமெரிக்க அரசின் சார்பில் கேமெனியிடம் முறையாக மன்னிப்புக் கேட்டார். பெர்ரி தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். கமிஷனின் நாற்காலிக்கு வழிவழியாக வந்தவர் வாயிலிருந்து அந்த வார்த்தை. கேமெனிக்கு அப்போது 84 வயது. ஏற்றுக்கொண்டேன் என்றார். எனக்கு உடனே வந்த கேள்வி, நிலுவைச் சம்பளம்? பென்ஷன்? அதெல்லாம் இல்லை. கடைசிக் காலத்தில் நண்பர்கள் உதவியில்தான் வீட்டுச் செலவே ஓடியது.

சனி

காலையில் காங்கிரஷனல் கல்லறைத் தோட்டம். பொட்டோமாக் அவென்யூ நிலையத்தில் இறங்கி நடந்தேன். பணம் கட்டி உறுப்பினராகிறவர்கள் நாயைக் கட்டவிழ்த்து உலாவ விடலாம் என்று இங்கே ஒரு ஏற்பாடு. கல்லறைகளுக்கு நடுவே ஒரு லாப்ரடார் என்னிடம் வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போனது.

தேடி வந்தது லெனார்ட் மாட்லோவிச்சின் கல்லறை. விமானப்படை சார்ஜென்ட், வியட்நாமில் பதக்கம் வாங்கியவர். தன்பாலீர்ப்பாளர்களுக்கு ராணுவத்தில் இருந்த தடையை எதிர்த்து வழக்குப் போட மாசு மருவற்ற பணிப் பதிவுள்ள ஒருவரைக் கேமெனி தேடிக்கொண்டிருந்தார். 1975இல் மாட்லோவிச் தாமே முன்வந்து மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்தார். கல்லில் இருக்கும் வாசகம் பிரபலமானது: ராணுவத்தில் இரண்டு பேரைக் கொன்றதற்குப் பதக்கம் கொடுத்தார்கள், ஒருவனைக் காதலித்ததற்கு வெளியே அனுப்பினார்கள். கேமெனிக்கும் பக்கத்திலேயே நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். கறுப்பே அழகு என்ற முழக்கத்தைக் கேட்டுவிட்டு 1968இல் அவர் உருவாக்கிய 'கே இஸ் குட்' என்ற வரி அதில் இருக்கிறது. பார்பரா கிட்டிங்ஸும் அவருடைய துணை கே லாஹுசனும் இதே தோட்டத்தில்தான். இந்தப் போராட்டங்களை இன்று நாம் படமாகப் பார்க்க முடிவது பெரும்பாலும் லாஹுசனின் கேமராவால்தான்.

வேடிக்கை என்னவென்றால், எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவரும் கூப்பிடு தூரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். மாட்லோவிச் தெரிந்தேதான் அந்த இடத்தை வாங்கினாராம். அறுபதுகளில் மேட்டஷீன் சொசைட்டி தன் செய்தி இதழை ஹூவருக்கும் தவறாமல் அனுப்பிவந்தது. எங்கள் தலைவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று எஃப்பிஐ தரப்பிலேயே கேட்டார்கள். எடுக்கவில்லை. ஊரையெல்லாம் வேவு பார்த்தவருக்குத் தன் வீட்டுத் தபால்பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை!

மதியம் பதினேழாம் தெரு. பி, ஆர் தெருக்களுக்கு நடுவே உள்ள பகுதிக்கு 2010 முதல் ஃபிராங்க் கேமெனி வழி என்று பெயர்ப்பலகை. சாப்பாட்டுக் கடைகள், துணி வெளுக்கும் கடை, நாய் பிடித்துக்கொண்டு ஆட்கள். அங்கிருந்து தம்பி காரில் கதீட்ரல் அவென்யூ 5020க்குக் கூட்டிப்போனான். கேமெனி குடியிருந்த செங்கல் வீடு. கடிதங்கள் தட்டச்சானதும் மறியல் அட்டைகள் பரணில் கிடந்ததும் இங்கேதான். 2011இல் அவர் இறந்த அடுத்த மாதம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். தனியார் வீடு, உள்ளே போக முடியாது. தம்பி காரை அணைக்கக்கூட இல்லை. "இதுக்கா அக்கா முக்கால் மணி நேரம் டிராஃபிக்ல வந்தோம்?" என்றான். ஆமாம் என்றேன்.

2012இல் ஒரு சிறுகோளுக்கு ஃபிராங்க்கேமெனி என்று பெயர் வைத்தார்கள். எண் 40463. வானியல்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று ஏற்றுக்கொள்ள அவர் செத்துப் போக வேண்டியிருந்தது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஞாயிறு

மழை. தம்பி மகளுக்குப் பிறந்தநாள் விருந்து. ரசம் வைத்துக் கொடுத்தேன். எதுவும் எழுதுவதற்கில்லை.

திங்கள், ஃபிலடெல்ஃபியா

யூனியன் ஸ்டேஷனில் ஆம்ட்ராக் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிலடெல்ஃபியா. சுதந்திர மண்டபத்துக்கு நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும். 1776இல் பிரகடனத்தை ஏற்ற அறையை வழிகாட்டி உற்சாகமாகக் காட்டினார். நான் வெளியே வந்து செஸ்ட்நட் தெருவும் ஆறாம் தெருவும் சந்திக்கிற மூலையில் நிற்கும் நீலப் பலகையைத் தேடிப் படித்தேன். 2005இல் வைத்தது.

1965 முதல் 1969 வரை ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் இந்த மண்டபத்துக்கு முன் மறியல் நடந்தது. ஆண்டு நினைவூட்டல் என்று பெயர். யோசனை நியூயார்க்கைச் சேர்ந்த கிரெய்க் ராட்வெல்லுடையது. முதல் வருடம் சுமார் 40 பேர். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய இடத்தில் வந்து, எங்களை விட்டுவிட்டீர்கள் என்று வருடத்துக்கு ஒரு முறை மெமோ கொடுப்பது. அதே கோட்டு, அதே டை, அதே வரிசை.

நடந்தவர்களில் பலருக்குச் சொந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. 1965 அக்டோபர் வெள்ளை மாளிகை மறியலில் நடந்த ஒரே கறுப்பினப் பெண்ணை எர்னஸ்டீன் எக்ஸ்டீன் என்றுதான் வரலாறு சொல்கிறது. அது புனைபெயர். கறுப்பின உரிமைப் போராட்டத்திலிருந்து வந்தவர், தெருவில் இறங்கத் தயங்கியவர்களை இறங்கச் சொன்னவர். வேலை உரிமைக்காக நடப்பவர் வேலைக்குப் பயந்து பெயரை மறைக்க வேண்டியிருந்தது.

1969இன் நினைவூட்டல், நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸ் சோதனைக்கு எதிராகக் கலவரம் வெடித்த அடுத்த வாரம். நியூயார்க்கிலிருந்து ராட்வெல் ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தார். இளைஞர்கள், ஜீன்ஸ், தாடி. வரிசையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் கை கோத்துக்கொண்டார்கள். கேமெனி போய் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார். ராட்வெல்லுக்கு வந்ததே கோபம். ஜோடி ஜோடியாக ஆட்கள் வேண்டுமென்றே கை கோத்து நடந்தார்கள். அதுதான் கடைசி நினைவூட்டல். நவம்பரில் நடந்த கிழக்குக் கரை அமைப்புகளின் மாநாட்டில், நிகழ்ச்சியை ஜூன் கடைசிக்கு மாற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோக முடிவானது. உடை விதி கிடையாது என்பதும் அந்தத் தீர்மானத்திலேயே இருந்தது. 1970 ஜூன் 28 அன்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் நடந்தார்கள். இன்று உலகமெங்கும் நடக்கும் பிரைடு ஊர்வலங்கள் அதிலிருந்து வந்தவை. நியூயார்க் ஊர்வலத்தில் கேமெனியும் நடந்தார்.

இந்தக் கைப் பிரித்த விஷயத்தைப் பற்றி நேற்று ராத்திரி தம்பியோடு பெரிய வாக்குவாதம். "அவரே போலீஸ் வேலை பார்த்திருக்காரே அக்கா" என்கிறான். என் கட்சிக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் முன், சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், பான் போடாதீர்கள் என்று நானும்தான் சொல்கிறேன். வழக்கு ஜெயிக்க வேண்டுமே. கேமெனிக்கு அந்த நடைபாதை ஒரு நீதிமன்றம். ஆனால் கோட்டு மாட்டினாலும் வேலைக்குத் தகுதியானவராகத் தெரியாதவர்கள் இருந்தார்கள். பெண்மையான ஆண்கள், ஆண்மையான பெண்கள், திருநங்கைகள். யாரைப் பார்த்தவுடனே வேலையில்லை என்பார்களோ அவர்களுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அவர் ஜெயித்த வழக்குகள் அவர்களுக்கு வெகு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. அந்த உடை விதி 1965இல் சரி, 1969இல் தப்பு என்பது என் கட்சி. தம்பி, எப்போதுமே தப்பு என்கிறான். சண்டை முடியவில்லை.

தனியார் வேலைக்கு நாடு முழுக்கப் பாதுகாப்பு கிடைத்தது 2020 ஜூன் 15 அன்றுதான். உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று, தீர்ப்பை எழுதியவர் பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி நீல் கோர்சச். ஓர் ஆண் ஆணை விரும்புகிறான் என்று வேலையை விட்டு அனுப்புகிறீர்கள், அதே ஆணை விரும்பும் பெண்ணை அனுப்புவதில்லை, ஆகவே இது பாலினப் பாகுபாடு, 1964ஆம் வருடச் சட்டத்துக்கு விரோதம் என்பது தர்க்கத்தின் சாரம். மூன்று ஊழியர்களின் வழக்குகளைச் சேர்த்து விசாரித்தார்கள். ஜெரால்ட் போஸ்டாக் ஜார்ஜியாவில் கவுன்டி ஊழியர், தன்பாலீர்ப்பாளர்களின் சாஃப்ட்பால் குழுவில் சேர்ந்த பிறகு வேலை போனவர். டொனால்ட் ஸார்டா ஸ்கைடைவிங் பயிற்சியாளர். ஏமி ஸ்டீவன்ஸ் இறுதிச் சடங்கு நிலையத்தில் வேலை பார்த்த திருநங்கை, இனி பெண்ணாக உடுத்தி வருவேன் என்று கடிதம் கொடுத்ததும் நீக்கப்பட்டவர். தீர்ப்பு வரும்போது உயிரோடு இருந்தவர் போஸ்டாக் மட்டும்.

ஏமியின் வழக்கில் தகராறே உடை விதிதான் என்பதைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டிருக்கிறான். நாளை காலை ரயிலில் நியூயார்க். ஸ்டோன்வால் இருக்கும் கிறிஸ்டோஃபர் தெருவில் கூட்டம் அதிகமாக இருக்கும், அறையிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டும். மீதியை அங்கே போய் எழுதுகிறேன்.